"கொஞ்சம் சிரிச்ச முகமா இரும்மா"

பண்டிகைக்கு முந்தின வாரம். அத்தைக்குச் சேலை எடுக்க ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போயிருந்தேன். (எந்தக் கடைங்கறது வேண்டாம். பெரிய கடைகள் நிறைய இடத்துல இதே கதைதான்.)

எனக்குப் பக்கத்துல ஒரு அம்மா. அவங்க எதிர்ல ஒரு பொண்ணு சேலையை எடுத்து எடுத்து விரிச்சுக்கிட்டே இருக்கு. மயில் கழுத்துப் பச்சை கேட்டா அது வருது. அதே கலர்ல பார்டர் சின்னதா கேட்டா அதுவும் வருது. மூவாயிரத்துக்குள்ள இருக்கணும், ஆனா பாக்கப் பட்டு மாதிரி இருக்கணும்னு கேட்டாங்க. அதுவும் வந்துச்சு! எதை வீட்டுலயே அலசலாம், எதை டிரை கிளீனிங்தான் குடுக்கணும், எந்தக் கலர்ல சாயம் இறங்கும், கேட்ட எல்லாத்துக்கும் பதில் இருந்துச்சு அந்தப் பொண்ணுகிட்ட. மேஜை முழுக்க சேலை. அத்தனையையும் மறுபடி மடிச்சு வைக்கப் போறதும் அதே பொண்ணுதான்.

கடைசியில அந்த அம்மா மனசுக்குப் பிடிச்ச மாதிரி ஒண்ணு எடுத்தாங்க. எடுத்துட்டு ஃப்ளோர் சூப்பர்வைசரைக் கூப்பிட்டாங்க.

"சேலையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தப் பொண்ணு அப்போலேருந்து மூஞ்சிய உம்முன்னு வச்சிருக்கு சார். கஸ்டமர்கிட்ட சிரிச்சுப் பேசணும்னு சொல்லித் தர மாட்டீங்களா?"

அவர் "சாரி மேடம், சாரி மேடம்"னார். அப்புறம் அந்தப் பொண்ணு பக்கம் திரும்பி, அத்தனை பேர் முன்னாடி சொன்னார்.

"கொஞ்சம் சிரிச்ச முகமா இரும்மா."

அந்தப் பொண்ணு சிரிச்சுது.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்!

"சார், நானும் இவ்வளவு நேரமா பாத்துட்டு இருக்கேன். இவங்க காட்டின மாதிரி யாரும் பொறுமையா சேலை காட்ட மாட்டாங்க. அதையும் கேட்டுக்கங்க"ன்னு சொன்னேன். போறப்ப கருத்துப் படிவம் வாங்கி, அந்தப் பொண்ணு பேரைப் போட்டு, என்னென்ன நல்லா செஞ்சாங்கன்னு எழுதிக் குடுத்துட்டு வந்தேன். ஆனாலும் மனசு ஆறல. அதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

முதல்ல அந்த உம்முன்னு இருந்த முகத்தைப் பத்திப் பேசுவோம்.

அப்போ சாயங்காலம் ஏழு மணி இருக்கும். அந்தப் பொண்ணு காலையில கடை திறந்ததுலேருந்து நின்னுட்டு இருக்கும். பண்டிகை நேரத்துல மத்தியானச் சாப்பாட்டுக்கே முறை போட்டுத்தான் விடுவாங்க. சாப்பிட்டு ஓடி வந்து திரும்பவும் நிக்கணும். கணுக்கால் வீங்கியிருக்கும். இடுப்பு வலிக்கும். சில பேருக்கு நரம்பு சுருட்டிக்கும். அந்த வலியோட ஒரு மனுஷி உங்களுக்குச் சேலை விரிச்சுக் காட்டறாங்க, குரல் உயராம பதில் சொல்றாங்க. இதுவே பெரிய விஷயம் இல்லையா? இதுக்கு மேல சிரிப்பும் வேணுமா?

வசந்தபாலனோட 'அங்காடித் தெரு' 2010ல வந்துச்சு. தி.நகர் ரங்கநாதன் தெருவுல, தெக்கத்தி ஊர்கள்லேருந்து வந்து கடையில வேலை பாக்கற பிள்ளைங்களோட கதை. படம் பாத்துட்டு அழுத அதே ஜனங்கதான், மறுவாரம் அதே தெருவுக்குப் போய் "இந்தப் பிள்ளைங்க மூஞ்சியே சரியில்ல"ன்னு சொன்னதையும் நான் காதால கேட்டிருக்கேன்.

கடையில நிக்கறவங்க உக்காரறதுக்குத் தமிழ்நாட்டுல ஒரு சட்டம் இருக்குன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? 2021 செப்டம்பர்ல தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் சட்டசபையில ஒரு திருத்த மசோதா கொண்டு வந்தார். 1947ஆம் வருஷத்து கடைகள், நிறுவனங்கள் சட்டத்துல 22-ஏன்னு புதுசா ஒரு பிரிவு சேத்தாங்க. கடையில வேலை பாக்கற எல்லாருக்கும் உக்கார இருக்கை இருக்கணும், வேலைக்கு நடுவுல வாய்ப்புக் கிடைக்கறப்ப அவங்க உக்காரலாம். அவ்வளவுதான் சட்டம். மனுஷன் உக்காரலாம்ங்கறதுக்கு ஒரு சட்டம் போட வேண்டியிருந்துச்சு!

நமக்கு முன்னாடி 2018லயே கேரளாவுல இந்தச் சட்டத்தைப் போட்டுட்டாங்க. அதுக்குப் பின்னாடி இருந்தவங்க பெரிய பெரிய தலைவருங்க யாரும் இல்ல. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவுல தையல் வேலை பாத்த விஜி, 'பெண்கூட்டு'ன்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சு, கடைக்குக் கடை போய்ப் பொண்ணுங்களைச் சேத்தாங்க. முதல்ல கேட்டது கழிப்பறை. ஏன்னா அந்தத் தெருவுல வேலை பாத்த பொண்ணுங்க, போறதுக்கு இடம் இல்லைன்னு தண்ணியே குடிக்காம நாளை ஓட்டிட்டு இருந்தாங்க. அப்புறம் கேட்டது உக்கார உரிமை. பிபிசி 2018ல வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியல்ல விஜி பேரும் இருந்துச்சு.

தண்ணி குடிக்காம, உக்காராம, பாத்ரூம் போகாம நிக்கற ஒருத்தரைப் பாத்துத்தான் நாம "ஏன் சிரிக்கல?"ன்னு கேக்கறோம்.

சரி, சூப்பர்வைசர் ஏன் உடனே "சிரி"ன்னார்? இங்கதான் என் சொந்தக் கதை வருது.

டிகிரி முடிச்ச கையோட நான் ஒரு செல்போன் கம்பெனியோட கஸ்டமர் கேர்ல சேந்தேன். தமிழ் வாய்ஸ் பிராசஸ், அதாவது தமிழ்ல வர்ற கால்களுக்குப் பதில் சொல்ற வேலை. ஒவ்வொரு சிஸ்டத்துக்குப் பக்கத்துலயும் ஒரு சின்னக் கண்ணாடி ஒட்டியிருக்கும். எதுக்குத் தெரியுமா? பேசறப்ப நம்ம மூஞ்சியப் பாத்துக்கிட்டே சிரிச்சுப் பேசணுமாம். "நீங்க சிரிக்கறது கஸ்டமருக்குக் காதுல கேக்கும்"னு டிரெய்னர் சொல்வாங்க.

வர்ற கால்ல பாதி இந்த மாதிரி இருக்கும்:

"நான் எந்தக் காலர் டியூனும் கேக்கல. நீங்களே போட்டுவிட்டு முப்பது ரூபாயை எடுத்துட்டீங்க. திருப்பிக் குடுங்க."

முப்பது ரூபாய் அன்னிக்கு ரீசார்ஜ் பண்ண ஒரு கூலித் தொழிலாளிக்குப் பெரிய காசு. அதை எடுத்தது நான் இல்ல. எனக்குத் திருப்பிக் குடுக்கவும் அதிகாரம் இல்ல. டீம் லீடர் சரின்னு சொன்னாத்தான் முடியும். இந்த நிலைமையில நான் கண்ணாடியப் பாத்து, பல்லு தெரிய, குரல்ல சந்தோஷத்தோட "கண்டிப்பா உங்களுக்கு உதவறேன் சார்"னு சொல்லணும்.

அவர் என்ன கேப்பார்?

"எனக்குக் காசு போச்சுங்கறேன், உனக்கு என்னம்மா சிரிப்பு?"

நியாயமான கேள்விங்க! வயிறெரிஞ்சு பேசறவர்கிட்ட ஒருத்தி சிரிச்சா யாருக்குத்தான் எரியாது?

அதனால நான் வேற மாதிரி செஞ்சு பாத்தேன். முதல்ல கண்ணாடியப் பாக்கறதை விட்டேன். அப்புறம் குரலைக் கொஞ்சம் இறக்கினேன். குறுக்க பேசாம அவங்க சொல்லி முடிக்கற வரைக்கும் கேட்டேன். "கேக்காம எடுத்திருந்தா அது தப்புதான் சார். உங்க நம்பர்ல எப்போ ஆக்டிவேட் ஆச்சுன்னு பாக்கறேன், லைன்லயே இருங்க"ன்னு சாதாரணமா, நாலு பேர்கிட்டப் பேசற மாதிரி பேசினேன். கத்திக்கிட்டு வந்தவங்க தணிஞ்சாங்க. காசு அன்னிக்கே வரலைன்னாலும், "சரிம்மா, பாத்து செய்யி"ன்னு வச்சுடுவாங்க. சில பேர் "சாப்பிட்டியாம்மா?"ன்னு கேட்டுட்டு வைப்பாங்க.

ஆனா மாசக் கடைசியில, தரம் பாக்கற க்யூ.ஏ. ஆளு என் கால் ரெக்கார்டிங்கைக் கேட்டு மார்க் போடறப்ப என்ன ஆச்சு? 'குரல்ல புன்னகை'ன்னு ஒரு கட்டம் இருக்கும் அந்தத் தாள்ல. அதுல எனக்கு சைபர். ஊக்கத்தொகை போச்சு. பிரச்சினையைத் தீத்ததுக்கு அந்தத் தாள்ல இருந்த மார்க்கை விட, சிரிச்சதுக்கு இருந்த மார்க் அதிகம்!

என் பக்கத்து சீட்டுல இருந்த பொண்ணோட அப்பா அப்போ ஐ.சி.யு.ல இருந்தார். பிரேக்ல வெளிய போய் போன்ல அழுதுட்டு வருவா. வந்து ஹெட்செட்டை மாட்டி, "வணக்கம்"னு ஆரம்பிச்சா அவ்வளவு உற்சாகம் இருக்கும் குரல்ல. அவளுக்குத்தான் அந்த மாசம் முதல் பரிசு. மேடையில கைதட்டினாங்க. எனக்குக் கைதட்ட வரல.

பல வருஷம் கழிச்சுத்தான் ஒரு புத்தகம் கைக்கு வந்துச்சு. ஆர்லி ஹாக்சைல்டுன்னு ஒரு அமெரிக்க சமூகவியல் பேராசிரியர் 1983ல எழுதின 'தி மேனேஜ்டு ஹார்ட்'. டெல்டா ஏர்லைன்ஸ் விமானப் பணிப்பெண்களைக் கூடவே இருந்து கவனிச்சு எழுதினது. சுமை தூக்கறது உடம்பு உழைப்புன்னா, உள்ள ஒண்ணு இருக்க வெளிய வேற ஒண்ணைக் காட்டறதும் உழைப்புதான்னு அதுல சொல்றாங்க. அதுக்குப் பேரு உணர்வு உழைப்பு. அதே புத்தகத்துல கடன் வசூல் பண்றவங்களைப் பத்தியும் இருக்கு. அவங்களுக்கு உத்தரவு நேர் எதிர்: முகத்தைக் கடுமையா வச்சுக்கணும். ரெண்டு பேரோட முகமும் கம்பெனி சொத்து மாதிரி ஆயிடுது.

அதுல ஒரு சம்பவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு பயணி பணிப்பெண்கிட்ட ஏன் சிரிக்கலன்னு கேக்கறார். முதல்ல நீங்க சிரிங்க, அப்புறம் நான் சிரிக்கறேன்னு அவங்க சொல்றாங்க. அவர் சிரிச்சார். நல்லது, இதை அப்படியே பதினஞ்சு மணி நேரம் வச்சிருங்கன்னு சொல்லிட்டு அவங்க போயிட்டாங்க. (அந்தப் பொண்ணுக்கு என் சார்பா ஒரு பெரிய சல்யூட்.)

இப்படி நாள் முழுக்கப் பொய்யா சிரிக்கறது உடம்புக்கும் ஆகாது. அமெரிக்காவுல பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துல அலிசியா கிராண்டியும் கூட இருந்தவங்களும் 2019ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. வேலையில வாடிக்கையாளர்கிட்ட உணர்ச்சியை மறைச்சு நடிக்கறவங்க, வேலை முடிஞ்சு அதிகமாக் குடிக்கறாங்கன்னு அதுல தெரிஞ்சுது. அதிலயும் வேலையில தன் இஷ்டத்துக்கு முடிவெடுக்க வழியே இல்லாதவங்களுக்கு அந்தத் தொடர்பு இன்னும் பலமா இருந்துச்சு.

நம்ம ஊருக்கே உரிய ஒண்ணையும் சொல்லணும்.

"பொம்பள சிரிச்சாப் போச்சு, புகையிலை விரிச்சாப் போச்சு"ன்னு சொல்லி வளத்த ஊருங்க இது. வீட்டுல பொண்ணு கொஞ்சம் சத்தமா சிரிச்சா "என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கு?"ன்னு கேப்போம். பஸ் ஸ்டாப்புல சிரிச்சா ஊரே பேசும். அதே பொண்ணு கடைக்கு வேலைக்குப் போனா, முன்னப் பின்னத் தெரியாத எல்லாரையும் பாத்து நாள் முழுக்க சிரிக்கணும்! சிரிச்சா என்ன நடக்கும்னும் எல்லாருக்கும் தெரியும். செல்போன் கடையில வேலை பாக்கற என் சித்தி பொண்ணு சொல்லுவா: "நல்லா சிரிச்சுப் பேசினா பில்லு பின்னாடி நம்பர் எழுதிக் குடுத்துட்டுப் போறாங்கக்கா. சிரிக்கலன்னா மேனேஜர்கிட்ட கம்ப்ளெயின்ட் பண்றாங்க." அவ எவ்வளவு சிரிக்கணும்? யார் அளந்து சொல்றது?

எங்க தெருமுனை டீ மாஸ்டர் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. சர்க்கரை கம்மின்னு ஒரு தடவை சொன்னாப் போதும், மறக்கவே மாட்டார். கிளாஸைக் கையில குடுத்துட்டு அடுத்த ஆளைப் பாப்பார். அவரைப் பத்தி யாரும் புகார் சொல்லி நான் கேட்டதில்ல. "அண்ணன் டீ மாதிரி வராது"ன்னுதான் சொல்வாங்க. டீ மாஸ்டர்கிட்ட டீயைப் பாக்கறோம். சேலை காட்டற பொண்ணுகிட்ட முகத்தைப் பாக்கறோம். இது அநியாயம்.

"விருந்தோம்பல் நம்ம பண்பாடாச்சே, வள்ளுவர் அதுக்கு ஒரு அதிகாரமே எழுதியிருக்காரே"ன்னு என் மாமா கேட்டார். எழுதியிருக்கார் மாமா. ஆனா அது வீட்டுக்காரருக்குச் சொன்னது. வீடு அவரோடது, சோறு அவரோடது, வந்த ஆளும் அவர் ஆளு. கடையில வீட்டுக்காரர் யாரு? முதலாளி. எங்க ஊர் மளிகைக்கடை அண்ணாச்சி கல்லாவுல உக்காந்துக்கிட்டு "வாங்க வாங்க, அம்மா சௌக்கியமா?"ன்னு கேக்கறப்ப அந்தச் சிரிப்பு நிஜம். கடை அவரோடது, நான் வந்தா அவருக்கு வியாபாரம். பெரிய கடையில மாசச் சம்பளத்துக்கு நிக்கற பொண்ணுக்கு நான் வந்தா என்ன வருது? இன்னும் நாப்பது சேலை மடிக்கற வேலை வருது! விருந்தோம்பணும்னா முதலாளி வாசல்ல வந்து நின்னு வரவேற்கட்டும். ரொம்ப சந்தோஷம்.

"அப்போ எரிஞ்சு விழுந்தாலும் பொறுத்துக்கணுமா?"ன்னு கேக்கறீங்கதானே.

வேண்டாம். கண்டிப்பா வேண்டாம். ஒரு கவுன்டர்ல "எனக்குத் தெரியாது, போ"ன்னு சொன்னா, வயசானவங்களை ஒருமையில பேசினா, வேணும்னே அலைய விட்டா, ஆளைப் பாத்து, சட்டையப் பாத்து மரியாதை குடுத்தா, சண்டை போடுங்க. நானும் வர்றேன். மரியாதையான பதில், சரியான தகவல், எல்லாருக்கும் ஒரே மாதிரி நடத்தை. இது மூணும் நம்ம உரிமை. எதிர்ல இருக்கறவங்க மனசு எப்படி இருக்கணும்ங்கறது நம்ம உரிமையில வராது.

இப்போ முகத்துக்கு மார்க் போடற அதிகாரத்தை நம்ம கையில இருக்கற போன்லயே குடுத்துட்டாங்க. அஞ்சு ஸ்டார்! மழையில நனைஞ்சு, மூணு மாடி ஏறி வந்து சாப்பாட்டைக் குடுக்கற தம்பிக்கு (லிப்ட்டுல டெலிவரி ஆட்கள் ஏறக்கூடாதுன்னு போர்டு வச்ச அபார்ட்மென்ட்டுகளும் இருக்கு) "முகம் கொடுத்துப் பேசல"ன்னு ரெண்டு ஸ்டார் போடறோம். நமக்கு அது ஒரு நொடி வேலை. அவருக்கு அது அடுத்த வாரத்து ஆர்டர், வருமானம். அதனாலதான் அவங்க கதவுகிட்ட நின்னு "சார், ரேட்டிங் மட்டும் குடுத்துடுங்க சார்"னு கெஞ்சறாங்க. ஒரு ஆளைக் கெஞ்ச வைக்கற ஏற்பாடு நல்ல ஏற்பாடா?

ஜப்பானைப் பாருங்க. வாடிக்கையாளர் சேவைக்கு உலகமே உதாரணம் காட்டற நாடு. அங்க கெய்க்யூன்னு ஒரு ரயில் கம்பெனி 2009ல ஸ்டேஷன் ஊழியர்களோட சிரிப்பை கேமரா வச்சு அளந்து மார்க் போட்டுச்சு. 2024ல ஏயான்ங்கற பெரிய சூப்பர்மார்க்கெட் கம்பெனி, ஊழியர்கள் சிரிப்பையும் குரலையும் செயற்கை நுண்ணறிவு வச்சு மதிப்பிட ஆரம்பிச்சுது. அதே 2024ல டோக்கியோ நிர்வாகம் என்ன பண்ணுச்சு தெரியுமா? வாடிக்கையாளர்கள் ஊழியர்களைக் கொடுமைப்படுத்தறதைத் தடுக்க ஒரு விதி கொண்டு வந்துச்சு. 2025 ஏப்ரல்லேருந்து அது அமலுக்கு வந்துடுச்சு. வாடிக்கையாளர்தான் கடவுள்னு வருஷக் கணக்கா சொல்லிச் சொல்லி, கடைசியில அந்தக் கடவுள்கிட்டேருந்து ஊழியரைக் காப்பாத்த விதி தேவைப்பட்டுச்சு. நம்ம பெரிய கடைகளும் அதே வழியிலதான் போயிட்டு இருக்கு. நமக்கு அது வேண்டாம்.

நான் என்ன செய்யறேன்னு சொல்றேன். ரொம்ப சுலபம்.

கடைக்குள்ள போனா முதல் வணக்கம் நான்தான் சொல்வேன். எதிர்ல பதில் சிரிப்பு வந்தா சந்தோஷம், வரலைன்னா சேலையப் பாப்பேன்.

பில் போடறவங்க நின்னுட்டு இருந்தா, பக்கத்துல ஸ்டூல் இருந்தா, "உக்காந்தே போடுங்கம்மா, எனக்கு அவசரமில்ல"ன்னு சூப்பர்வைசர் காதுல விழற மாதிரி சொல்வேன். ஸ்டூலே இல்லைன்னா மேனேஜர்கிட்ட ஏன் இல்லைன்னு கேப்பேன். பதிலுக்கு அவர் முகம் மாறும். மாறட்டும். கேக்கறது கஸ்டமர்ங்கறதால கேட்டுத்தான் ஆகணும். அந்தப் பொண்ணு கேட்டா வேலை போயிடும்.

பாராட்டறப்ப "நல்ல சிரிச்ச முகம்"னு எழுத மாட்டேன். "நாலு கடையில கிடைக்காத அளவைத் தேடி எடுத்துக் குடுத்தாங்க"ன்னு எழுதுவேன். செஞ்ச வேலை என்னன்னு எழுதினாத்தான் சம்பள உயர்வுக்கு அது உதவும்.

கடை வச்சிருக்கறவங்க இதைப் படிச்சா ஒரு வார்த்தை. நாற்காலி போடுங்க. குடிக்கத் தண்ணியும் போக பாத்ரூமும் குடுங்க. வார லீவைப் புடுங்காதீங்க. சம்பளத்தை ஒண்ணாம் தேதி போடுங்க. கஸ்டமர் அத்துமீறினா ஊழியர் பக்கம் நில்லுங்க. அப்புறம் அவங்க சிரிக்கறதும் சிரிக்காததும் அவங்க இஷ்டம்.

நமக்கெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான். இந்தப் பண்டிகைக்குக் கடைக்குப் போறப்ப, ஆப்புல ஸ்டார் போடறப்ப, செஞ்ச வேலைக்கு மார்க் போடுங்க, முகத்துக்குப் போடாதீங்க. உங்க கண்ணு முன்னாடி யாராவது ஒரு ஊழியரை "சிரி"ன்னு அதட்டினா, அங்கேயே, அப்பவே, அவங்களுக்காக ஒரு வார்த்தை பேசிட்டு வாங்க.